நாய்க்குப் பேதி என்றால் ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டுமா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். மூன்று வயது நாய், 20 கிலோ, தடுப்பூசி எல்லாம் போட்டாயிற்று, இரண்டு நாளாகப் பேதி, ஆனால் சாப்பிடுகிறது, வாலாட்டுகிறது, பந்து எறிந்தால் ஓடுகிறது. போன வருடம் இதே மாதிரி வந்தபோது ஒரு டாக்டர் மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக்கை எழுதினார், இரண்டே நாளில் நின்றுவிட்டது. இந்த முறை பார்த்த டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், காய்ச்சல் பார்த்தார், உணவை மாற்றச் சொல்லி ஒரு ப்ரோபயாடிக் பவுடரை, அதாவது குடலுக்கு நல்ல பாக்டீரியாக்கள் அடங்கிய பவுடரைக் கொடுத்து அனுப்பிவிட்டார். போன தடவை மிச்சமான மாத்திரை வீட்டில் இருக்கிறது. அதைக் கொடுக்கலாமா, இவர் ஏன் எழுதவில்லை, விஷயம் தெரியாதவரா?

கொடுக்காதீர்கள். விஷயம் தெரிந்ததால்தான் அவர் எழுதவில்லை.

இதைச் சொல்ல எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. நானும் கால்நடை மருத்துவன்தான், தொழிலுக்கு வந்த புதிதில் பேதி என்று யார் நாயைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் என் கை தானாகவே மெட்ரோனிடசோல் என்று எழுதிவிடும். சீனியர்கள் அப்படித்தான் செய்தார்கள், நாங்களும் செய்தோம், நாய்களும் குணமாயின, யாரும் குறை சொல்லவில்லை. குறை சொல்ல என்ன இருக்கிறது, மருந்து கொடுத்தோம், பேதி நின்றது. காக்கை உட்கார்ந்தது, பனம்பழம் விழுந்தது. காக்கைக்கு நல்ல பெயர்.

பனம்பழம் ஏன் விழுந்தது என்று பாருங்கள். நன்றாக இருந்த நாய்க்குத் திடீரென்று வரும் பேதியில் பெரும்பகுதி குப்பையில் எதையோ தின்றதாலோ, உணவைச் சட்டென்று மாற்றியதாலோ, கொழுப்பு அதிகமாகிவிட்டதாலோ, ஏதோ ஒரு சாதாரண வைரஸாலோ வருவது. குடலின் உள்பூச்சு மூன்று முதல் ஐந்து நாளுக்குள் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் திசு. தொந்தரவு செய்த பொருள் வெளியே போய்விட்டால் மிச்ச வேலையைக் குடலே பார்த்துக்கொள்ளும். இப்போது உரிமையாளர் பக்கம் வாருங்கள். முதல் நாள் பேதி வந்தால் யாரும் கிளினிக்குக்கு ஓட மாட்டார்கள், பார்த்துக்கொள்ளலாம் என்றிருப்பார்கள். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, நிலைமை உச்சத்தில் இருக்கும்போது, பொறுமை போய் வருவார்கள். அன்றைக்கு எதைக் கொடுத்தாலும், வெறும் சர்க்கரை மாத்திரையைக் கொடுத்தாலும், அடுத்த இரண்டு நாளில் பேதி குறையத்தான் போகிறது. போன வருடம் உங்கள் நாய்க்கு நடந்ததும் அனேகமாக இதுதான்.

இது என் ஊகம் மட்டுமல்ல, சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நியாயமாக, எனக்கு எதிரான ஆய்வையே முதலில் சொல்கிறேன். 2020இல் வந்த ஒன்றில் திடீர்ப் பேதி வந்த 31 நாய்களில் ஒரு பகுதிக்கு மெட்ரோனிடசோலும் மற்றவற்றுக்கு மருந்தில்லாத மாத்திரையும் கொடுத்தார்கள். மருந்து வாங்கிய நாய்கள் சராசரியாக 2.1 நாளிலும், வாங்காதவை 3.6 நாளிலும் சரியாயின. ஆக வித்தியாசம் இருக்கிறது, சுமார் ஒன்றரை நாள். ஆனால் அதற்கு முந்தைய வருடம், 2019இல், 60 நாய்களை வைத்து மெட்ரோனிடசோல், ப்ரோபயாடிக், போலி மாத்திரை என்று மூன்றையும் ஒப்பிட்ட ஆய்வில் மூன்றுக்கும் இடையே சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் கிடைக்கவில்லை. 2022இல் பெருங்குடல் அழற்சியால் பேதி வந்த நாய்களை எடுத்து, சிலவற்றுக்கு எளிதில் செரிக்கும் உணவு மட்டும், சிலவற்றுக்கு அந்த உணவோடு மெட்ரோனிடசோல், சிலவற்றுக்கு நார்ச்சத்து சேர்த்த உணவு என்று கொடுத்துப் பார்த்தார்கள். குணமாக அதிக நாள் பிடித்தது எந்தக் கூட்டத்துக்குத் தெரியுமா? மெட்ரோனிடசோல் சேர்த்த கூட்டத்துக்கு. நான் இதை முதலில் படித்தபோது எண்களை மாற்றி அச்சடித்துவிட்டார்களோ என்று திரும்பப் படித்தேன்.

சரி, அதிகபட்சம் ஒன்றரை நாள் லாபம் என்றே வைத்துக்கொள்வோம், கொடுத்தால் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். வீட்டில் பேதி நாயை வைத்துக்கொண்டு ராத்திரி மூன்று மணிக்குத் தரையைத் துடைக்கிறவருக்கு ஒன்றரை நாள் என்பது சின்ன விஷயமில்லை, அதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் நஷ்டம் இருக்கிறது, அது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது.

மெட்ரோனிடசோல் என்பது ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்களையும் ஒரு சில ஓரணு ஒட்டுண்ணிகளையும் கொல்லும் மருந்து. பேதிக் கிருமிகள் என்று எல்லோரும் பயப்படுகிற சால்மோனெல்லா, ஈ.கோலை இவற்றின் மேல் அது வேலை செய்வதில்லை. ஆனால் நாயின் பெருங்குடலில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்களில் ஏராளமானவை ஆக்சிஜன் இல்லாமல் வாழ்பவை, அதாவது அந்த மருந்தின் நேர் வழியில் நிற்பவை. அவற்றில் ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கதையே அங்கேதான் இருக்கிறது. கல்லீரல் சுரக்கும் பித்த அமிலம் குடலுக்கு வந்ததும் அதை வேறொரு வடிவத்துக்கு மாற்றுகிற வேலையை நாய்க் குடலில் பெரும்பாலும் ஒரே ஒரு பாக்டீரியாதான் செய்கிறது, பெயர் ஹிரானோனிஸ். அப்படி மாற்றப்பட்ட பித்த அமிலம்தான் க்ளோஸ்ட்ரிடியம் மாதிரியான தொல்லை தரும் கிருமிகளைத் தலைதூக்க விடாமல் அடக்கி வைக்கிறது. ஹிரானோனிஸ் அழிந்தால் பித்த அமிலம் மாறாமல் அப்படியே பெருங்குடலுக்கு வந்து தேங்கும், அது குடலுக்குள் தண்ணீரை இழுக்கும், தண்ணீர் சேர்ந்தால் மலம் இளகும். பேதிக்கு என்று கொடுத்த மருந்து பேதிக்கான ஏற்பாட்டைச் செய்துவிட்டுப் போகிறது.

2020இல் எந்த நோயும் இல்லாத ஆரோக்கியமான நாய்களுக்கு இரண்டு வாரம் மெட்ரோனிடசோல் கொடுத்துக் குடலைப் பார்த்தார்கள். பாக்டீரியாக் கூட்டம் சிதைந்தது, அது எதிர்பார்த்ததுதான். மருந்தை நிறுத்தி நான்கு வாரம் ஆன பிறகும் சில நாய்களில் அது பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்பதுதான் கவலை தந்தது. வருடத்துக்கு மூன்று தடவை பேதி வந்து மூன்று தடவையும் ஒரு கோர்ஸ் மெட்ரோனிடசோல் வாங்கும் நாய்களைப் பார்த்திருக்கிறேன். உரிமையாளர்கள் என் நாய்க்கு வயிறு வீக் டாக்டர் என்பார்கள். இயற்கையிலேயே வீக்கா, நாங்கள் ஆக்கிவிட்டோமா என்று இப்போது எனக்குச் சந்தேகம் வருகிறது.

ரத்தம் வந்தால்? இந்தக் கேள்வியை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இதைத்தான் எல்லோரும் அடுத்துக் கேட்பார்கள், மருத்துவர்களே தடுமாறும் இடமும் இதுதான். நேற்று இரவு வரை நன்றாக இருந்த நாய், பெரும்பாலும் சின்ன ஜாதி, விடிவதற்குள் இரண்டு தடவை வாந்தி எடுத்து, அப்புறம் கூழ் மாதிரி ரத்தமாகக் கழிகிறது. தரையெல்லாம் சிவப்பு. பார்த்தவர் கை நடுங்கும். இதை முன்பெல்லாம் ஹெச்ஜிஇ, அதாவது ரத்தத்தோடு வரும் இரைப்பை குடல் அழற்சி என்றோம், இப்போது திடீர் ரத்தப்பேதி நோய் என்ற பொருளில் வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். க்ளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற பாக்டீரியா உண்டாக்கும் ஒரு நச்சுதான் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பதற்கு வலுவான தடயங்கள் இருக்கின்றன. பாக்டீரியா என்று தெரிந்துவிட்டது, ரத்தமும் வருகிறது, இதற்காவது ஆன்டிபயாடிக் வேண்டாமா என்றால், 2011இல் இதே நோயோடு வந்த, ஆனால் ரத்தத்தில் கிருமித் தொற்று அறிகுறி இல்லாத 60 நாய்களை வைத்து அமாக்சிசிலின்-கிளாவுலனேட் கொடுத்தும் கொடுக்காமலும் பார்த்தார்கள். பிழைத்ததிலும் வித்தியாசமில்லை, ஆஸ்பத்திரியில் இருந்த நாளிலும் வித்தியாசமில்லை. பாக்டீரியா நச்சைக் கொட்டி முடித்த பிறகு அதைக் கொன்று என்ன பயன்? அந்த நாயைக் கொல்வது உடம்பிலிருந்து வெளியேறும் நீர். குடல் சுவர் ஓட்டையாகி நீரும் புரதமும் கொட்டுவதால் ரத்தம் கெட்டியாகி, சில மணி நேரத்தில் ஷாக்குக்குப் போய்விடும். நரம்பு வழியாக ட்ரிப்ஸ் ஏற்றியதும் அதே நாய் அரை நாளில் தலையைத் தூக்கிப் பார்க்கும். ஆகவே ரத்தம் வந்தால் உடனே ஓடுங்கள், ஆனால் மாத்திரைக்காக ஓடாதீர்கள், ட்ரிப்ஸுக்காக ஓடுங்கள். இரண்டும் வேறு வேறு ஓட்டம், ஏனென்றால் மாத்திரைதான் மருந்து என்று நினைப்பவர் வீட்டில் ஒன்றைக் கொடுத்துவிட்டுக் காலை வரை காத்திருப்பார்.

பெருங்குடல் எரிச்சலில் மலத்தின் கடைசியில் ஒன்றிரண்டு சொட்டு சிவப்பும் கொஞ்சம் சளியும் வருவது வேறு, அதற்கு இவ்வளவு பதற வேண்டாம். நாய் சுறுசுறுப்பாக இருந்தால் அன்றைக்கோ மறுநாளோ காட்டினால் போதும். மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் பிசுபிசுவென்று வந்தால் மட்டும் அது மேல் குடலிலோ இரைப்பையிலோ கசியும் ரத்தம், அதைத் தள்ளிப்போடக் கூடாது.

அப்படியானால் ஆன்டிபயாடிக் எப்போதுதான் வேண்டும்? குடல் சுவரைத் தாண்டி பாக்டீரியா ரத்தத்துக்குள் போய்விட்டது, அல்லது போகப்போகிறது என்று நினைக்கக் காரணம் இருக்கும்போது. ஐரோப்பாவில் விலங்குகளுக்கு ஆன்டிபயாடிக்கைச் சரியாகப் பயன்படுத்துவதற்காக அமைந்த எனோவாட் என்ற வலையமைப்பு 2024இல் நாய்களின் திடீர்ப் பேதிக்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டது. லேசான நோய்க்கும் நடுத்தர நோய்க்கும், ரத்தம் வந்தாலும் வராவிட்டாலும், ஆன்டிபயாடிக் கொடுக்காதீர்கள் என்பதுதான் அதன் சாரம். ட்ரிப்ஸ் ஏற்றியும் நாய் துவண்டே கிடக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது அல்லது உடம்பு சில்லென்று ஆகிவிட்டது, இதயம் படபடவென்று அடிக்கிறது, ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணு மிக அதிகமாகவோ மிகக் குறைவாகவோ இருக்கிறது, இப்படி உடம்பு முழுக்கப் பாதிக்கப்பட்ட நாய்க்குக் கொடுங்கள் என்கிறது. நான் உரிமையாளர்களிடம் இதை இன்னும் எளிதாகக் கேட்பேன்: மலம் எப்படி இருக்கிறது என்பதை அப்புறம் சொல்லுங்கள், நாய் எப்படி இருக்கிறது? உங்கள் நாய் பந்துக்கு ஓடுகிறது. உங்கள் டாக்டரும் அதைத்தான் பார்த்திருப்பார்.

பார்வோ தனிக் கதை. தடுப்பூசி முடியாத குட்டிக்கு வாந்தியும் நாற்றமடிக்கும் பேதியும் வந்தால் வேறெதையும் யோசிப்பதற்கு முன்னால் பார்வோ டெஸ்ட், மலத்தில் ஒரு குச்சியை விட்டுப் பத்து நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம். அது வைரஸ், ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது, ஆனாலும் கொடுக்கிறோம். ஏனென்றால் அந்த வைரஸ் குடல் உள்பூச்சைப் புதுப்பிக்கிற செல்களையே அழித்துக் குடல் சுவரைத் திறந்துவிடுகிறது, அதே சமயம் எலும்பு மஜ்ஜையைத் தாக்கி வெள்ளை அணுக்களையும் சரித்துவிடுகிறது. கோட்டைக் கதவும் உடைந்தது, காவலாளியும் இல்லை. இங்கே ஆன்டிபயாடிக் உயிர் காக்கும் மருந்து, ஆனால் அது ஊசியாக, ட்ரிப்ஸோடு, வாந்தி மருந்தோடு போவது, வீட்டில் வாயில் போடும் மாத்திரை அல்ல. வாந்தி எடுக்கிற குட்டிக்கு வாய் வழியே மாத்திரை கொடுத்தால் அடுத்த வாந்தியில் அது தரையில் கிடக்கும்.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். பேதி என்பது நோயின் பெயரே இல்லை, அறிகுறி. ஆன்டிபயாடிக் கொடுத்துவிட்டோம் என்கிற நிம்மதியில் நிஜக் காரணத்தைத் தேடாமல் விட்டுவிடுவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். குட்டிகளில் குடற்புழு, கொக்கிப்புழு, காக்சிடியா, ஜியார்டியா என்ற ஓரணு ஒட்டுண்ணிகள். ஜியார்டியாவுக்கு மெட்ரோனிடசோல் கேட்கும்தானே என்பார்கள், ஓரளவு கேட்கும், ஆனால் அதைவிட ஃபென்பெண்டசோல் என்ற பூச்சி மருந்துதான் முதல் தேர்வு, கிலோவுக்கு 50 மில்லிகிராம் வீதம் தினம் ஒரு தடவை மூன்று முதல் ஐந்து நாள். கூடவே நாயின் பின்பக்க முடியைக் கழுவி, கழித்த மலத்தை உடனுக்குடன் எடுக்கவில்லை என்றால் அது தன்னையே நக்கி மறுபடி தொற்றிக்கொள்ளும். அப்புறம் கணைய அழற்சி, குடலில் அடைத்துக்கொண்ட சாக்ஸ், எலி மருந்து. அட்ரீனல் சுரப்பி வேலை செய்யாத அடிசன் நோய் இருக்கிறதே, அது பல நாய்களில் வந்து வந்து போகும் பேதியாக முதலில் முகம் காட்டும், ஒவ்வொரு தடவையும் ட்ரிப்ஸ் ஏற்றியதும் அதிசயமாகத் தேறும், கூடவே கொடுத்த ஆன்டிபயாடிக்குக்கு அங்கேயும் இனாமாக நல்ல பெயர் கிடைக்கும், ஒருநாள் நாய் ஒரேயடியாகச் சரிந்து விழும்போதுதான் உண்மை தெரியும். என் கையிலேயே அப்படி ஒரு நாய் வந்தது. மூன்று தடவை பேதிக்கு வைத்தியம் பார்த்திருந்தார்கள். அந்த மூன்றில் ஒன்று நான் பார்த்தது.

மலத்தை லேபுக்கு அனுப்பி, சால்மோனெல்லா இருக்கிறது, கேம்பைலோபாக்டர் இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தால்கூட உடனே ஆன்டிபயாடிக் என்று குதிக்க முடியாது. ஆரோக்கியமான நாய்களின் மலத்திலும் இவை சாதாரணமாகக் கிடைக்கும். ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு மறுபடியும் நாயைத்தான் பார்க்க வேண்டும். ஒரு விதிவிலக்கு சொல்கிறேன், பாக்ஸர், பிரெஞ்சு புல்டாக் வைத்திருப்பவர்களுக்கு: இளம் வயதிலேயே சளியும் ரத்தமுமாக மாதக்கணக்கில் நீடிக்கும் ஒரு பெருங்குடல் நோய் இந்த இனங்களில் உண்டு, அதில் ஈ.கோலை நிஜமாகவே குடல் சுவருக்குள் புகுந்து உட்கார்ந்திருக்கும். அங்கே என்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கை வாரக்கணக்கில் கொடுத்தால் நாய் மறுபிறவி எடுத்த மாதிரி ஆகும். ஆனால் அதற்குமுன் திசு எடுத்துப் பார்த்து, கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்குக் கேட்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். முன்பு வந்த சாதாரணப் பேதிக்கெல்லாம் அதே மருந்தை இரண்டு நாள், மூன்று நாள் என்று கொடுத்துப் பழக்கியிருந்தால், நிஜமாகத் தேவைப்படும் இந்த நேரத்தில் அது கேட்காமல் போகலாம்.

மூன்று வாரத்துக்கு மேல் இழுக்கும் நாட்பட்ட பேதிக்கும் இதே சபலம் உண்டு. ஒரு காலத்தில் ஆன்டிபயாடிக்குக் கேட்கும் பேதி என்றே ஒரு நோய் வகையைப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தோம். டைலோசின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கொடுத்தால் இரண்டு மூன்று நாளில் மலம் கட்டியாகிவிடும், எல்லோருக்கும் சந்தோஷம். நிறுத்தினால் சில வாரத்தில் அந்த நாய்களில் பெரும்பாலானவற்றுக்குத் திரும்ப வந்துவிடும். நோய் தீரவில்லை, மூடி வைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். இப்போது முறை மாறிவிட்டது. முதலில் புழு, ஒட்டுண்ணி, ரத்தப் பரிசோதனை என்று பார்த்துவிட்டு உணவை முழுதாக மாற்றி இரண்டு மூன்று வாரம் சுத்தமாக அதை மட்டுமே கொடுத்துப் பார்ப்பது. நாட்பட்ட பேதி நாய்களில் பெரும்பங்கு இதற்கே கேட்டுவிடுகிறது, கேட்பவை பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள்ளேயே காட்டிவிடும். ஒரு உணவு சரிவரவில்லை என்றால் வேறு வகை உணவு. ஆன்டிபயாடிக் வரிசையின் கடைசியில் நிற்கிறது.

இனி உங்கள் வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரைக்கு வருகிறேன். மிச்சம் என்றால் போன தடவை கோர்ஸை முடிக்கவில்லை என்று அர்த்தம், சரி போகட்டும். 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்று 20 கிலோ நாய்க்குப் போனால் கிலோவுக்கு 20 மில்லிகிராம், பெரிய ஆபத்து வராது. ஆனால் இதே மாத்திரையை உங்களைப் பார்த்து வேறொருவர் மூன்று கிலோ குட்டிக்குக் கொடுத்தால் ஒரே வேளையில் கிலோவுக்கு 130க்கு மேல் போகிறது. நாள் ஒன்றுக்குக் கிலோவுக்கு 60ஐத் தாண்டினாலே மூளையைத் தொடும் என்று எச்சரிக்கும் மருந்து இது. குறைந்த அளவில்கூட வாரக்கணக்கில் கொடுத்தால் சில நாய்களுக்கு வரும். நாய் குடித்தவன் மாதிரித் தள்ளாடும், தலை ஒரு பக்கம் சாயும், கண்மணி பக்கவாட்டில் துடிக்கும். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தெளிந்துவிடும், ஆனால் அந்த ஒன்றிரண்டு வாரம் யாருக்கும் வேண்டாம். சும்மா கொடுத்தாலே மருந்தின் கசப்பில் வாயில் நுரை தள்ளி, பசியும் போய்விடும். சாப்பிட்டுக்கொண்டிருந்த நாய் சாப்பாட்டை நிறுத்தினால் அது நோயா, மருந்தா என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மெட்ரோனிடசோல் இல்லை, வேறு ஏதாவது என்று மருந்துப் பெட்டியைக் கிளறுகிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். வளரும் குட்டிகளுக்கு என்ரோஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்து மூட்டுக் குருத்தெலும்பைக் கெடுக்கும். அமாக்சிசிலினே சில நாய்களுக்குப் பேதி உண்டாக்கும். மனிதர்களுக்குப் பேதி நிற்கக் கொடுக்கும் லோபராமைடு, கோலி மாதிரியான மேய்ச்சல் இன நாய்கள் சிலவற்றில் மரபணுக் குறையால் மூளைக்குள் புகுந்து மயக்கிப் போட்டுவிடும். மனிதர்களுக்கான இனிப்பு சிரப்புகள் சிலவற்றில் சைலிட்டால் இருக்கும், அது நாய்க்கு விஷம், ரத்தச் சர்க்கரையைச் சரித்து, அளவு கூடினால் கல்லீரலையும் கெடுக்கும்.

மருந்துக்கு மசியாத கிருமிகள் பற்றி ஒரு விஷயம். நாய் வாழ்வது நம் வீட்டில், நக்குவது நம் முகத்தை, ஆகவே அதன் குடலில் நடப்பது நம்மைவிட்டுத் தூரத்தில் நடப்பதல்ல. அமெரிக்காவில் 2016 முதல் 2018 வரை செல்லப்பிராணிக் கடைகளின் நாய்க்குட்டிகளிலிருந்து கேம்பைலோபாக்டர் பரவி 18 மாநிலங்களில் 118 பேருக்கு நோய் வந்தது, வழக்கமாகக் கொடுக்கும் மருந்துகளுக்குக் கேட்காத கிருமி. விசாரித்தபோது, விவரம் கிடைத்த 149 குட்டிகளில் 142க்கு ஏதாவது ஓர் ஆன்டிபயாடிக்காவது கொடுக்கப்பட்டிருந்தது. அவற்றில் பாதிக்கு மேல் நோயே இல்லாமல், வராமலிருக்கட்டும் என்று கொடுத்தது.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். தண்ணீர் எப்போதும் எதிரில் இருக்கட்டும். பட்டினி போடாதீர்கள், ஒரு நாள் முழுக்க வயிற்றைக் காயப்போட வேண்டும் என்பது பழைய பேச்சு, குடல் உள்பூச்சுக்குச் சாப்பாடுதான் சாப்பாடு. வாந்தி இல்லாத நாய்க்குக் கொழுப்பில்லாமல், எளிதில் செரிக்கிற உணவை, டாக்டர் சொன்ன டப்பா உணவோ தோல் நீக்கி வேகவைத்த கோழியும் சோறுமோ, நாள் ஒன்றுக்கு நான்கைந்து தடவையாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், எண்ணெய், உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் வேண்டாம். அடிக்கடி முக்கி முக்கிக் கொஞ்சமாகச் சளியோடு போகிறது என்றால் பெருங்குடல் பேதி, இசப்கோல் உமி கொஞ்சம் தண்ணீரில் நன்றாக ஊறவைத்து உணவில் கலந்தால் நல்ல பலன் தரும், அளவை எடைக்குத் தகுந்தபடி டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ப்ரோபயாடிக் பவுடர் மந்திரமில்லை, அதன் ஆய்வுகளும் முன்னும் பின்னுமாகத்தான் இருக்கின்றன, ஆனால் கெடுதல் இல்லை, கொடுத்ததைக் கொடுங்கள். மலம் கட்டியான அன்றே பழைய உணவுக்குத் தாவிவிடாமல் ஐந்தாறு நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள். பலருக்கு இரண்டாம் சுற்று பேதி வருவதே இந்த அவசரத்தால்தான்.

உடனே மறுபடி கொண்டுபோக வேண்டிய நிலைமைகள் இவை: சாப்பாட்டைத் தொடவில்லை, வாந்தி தொடர்கிறது, குடித்த தண்ணீரும் தங்கவில்லை, சுருண்டு படுத்துக்கொண்டு கூப்பிட்டால் வருவதில்லை, வயிற்றைத் தொட்டால் முனகுகிறது, உடம்புச் சூடு 39.5 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. பல் ஈறுகளைத் தொட்டுப் பாருங்கள், வழவழப்பில்லாமல் விரலில் ஒட்டினால், அல்லது அழுத்தி விட்டால் வெளுத்த இடம் மறுபடி சிவக்க இரண்டு நொடிக்கு மேல் ஆனால், நீர் வற்றுகிறது. குட்டிக்கும், கிழ நாய்க்கும், ஏற்கெனவே வேறு நோய்க்கு மருந்து சாப்பிடும் நாய்க்கும் நான் சொன்ன பொறுமை பொருந்தாது, அவற்றை அன்றைக்கே காட்டுங்கள். உங்கள் நாய் போல ஆரோக்கியமான பெரிய நாய் என்றாலும் ஐந்து நாளுக்கு மேல் ஒரு முன்னேற்றமும் இல்லையென்றால் போங்கள், ஆனால் மாத்திரை கேட்டுப் போகாமல், புதிய மலம் கொஞ்சம் ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு, ஜியார்டியாவும் புழுவும் பார்க்கலாமா என்று கேட்டுப் போங்கள்.

டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்பதில் தப்பே இல்லை. சண்டை மாதிரி இல்லாமல், ஆன்டிபயாடிக் இப்போது வேண்டாம் என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள், எந்த மாற்றம் வந்தால் உங்கள் முடிவு மாறும் என்று கேளுங்கள். நல்ல டாக்டர் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார். ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுக்கிற டாக்டரிடமும் இதே கேள்வியைக் கேட்கலாம், அங்கே இன்னும் அவசியம். நாங்கள் எழுதுவதில் பாதி, மருந்து எதுவும் இல்லாமல் அனுப்பினால் நீங்கள் கோபித்துக்கொள்வீர்கள் என்ற பயத்தில் எழுதுவது. பயத்தை நீங்கள் எடுத்துவிட்டால் எங்கள் பேனா கொஞ்சம் யோசித்து நகரும்.

மிச்ச மாத்திரையைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றாதீர்கள், கிருமிகள் அங்கேயும் பழகிக்கொள்ளும். அடுத்த தடவை போகும்போது கிளினிக்கிலேயே கொடுத்துவிடுங்கள். இன்றிலிருந்து ஒரு தாளில் எத்தனை தடவை போனது, எவ்வளவு இளக்கம், என்ன சாப்பிட்டது என்று மட்டும் குறித்து வையுங்கள். நாலாம் நாள் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.